சாம்பிராணி மணத்த படிக்கட்டு

என் தொழிலைச் சொன்னால் ஆட்கள் உடனே கேட்கிற கேள்வி, "அப்ப நீங்க நெருப்பு அணைக்கிற ஆளா?" என்பதுதான். இல்லை. தீயணைப்பு வண்டிக்கும் மணிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஒரு கட்டடத்தில் நெருப்புப் பிடித்தால் எதுவும் செய்யாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டிய பொருட்கள் சில உண்டு. சுவர், கதவு, சுவரைத் துளைத்துப் போகும் வயரைச் சுற்றி அடைத்த காரை. அவை ஒழுங்காக நின்றால் நெருப்பும் புகையும் தொடங்கிய அறையிலேயே ஒரு மணித்தியாலமோ இரண்டு மணித்தியாலமோ அடைபட்டுக் கிடக்கும். அதற்குள் மற்ற மாடிகளில் உள்ளவர்கள் படியால் இறங்கி வீதிக்கு வந்துவிடலாம். அவை ஒழுங்காக நிற்கின்றனவா என்று வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக் கையெழுத்து வைப்பது என் வேலை. பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். இந்த வேலையைச் செய்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில், தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவைக் காற்றுக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். முட்டுக் கொடுத்திருந்தது எதனால் என்றால், தீயணைக்கும் சிலிண்டரால். கேட்டதற்கு, "அது நல்ல பாரம் மிஸ், அசையாம நிக்கும்" என்று பதில் வந்தது. இன்னோரிடத்தில் இன்டர்நெட் பூட்ட வந்தவர்கள் சுண்டுவிரல் மொத்த வயருக்கு என் தலை போகிற அளவு ஓட்டை போட்டுவிட்டு, அதைப் பழைய பேப்பரால் அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நெருப்பைத் தடுக்கப் பேப்பர். நான் அன்றைக்குக் கத்திய கத்தலில் அந்த அலுவலகத்துத் தேநீர்க்காரர் ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

ஆகவே நான் சொல்லப்போகிற கதையில் பிழைவிட்டது நான்தான் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கு இப்படித்தான் நடக்கும்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் வீடு. அந்த ஒழுங்கையின் தலைப்பில், காலி வீதியைப் பார்த்தபடி நாலு மாடிக் கட்டடமொன்று நிற்கிறது. கீழே பெரிய சேலைக் கடை. முதலாம் மாடியில் கணினி திருத்துபவர்கள். அதற்கு மேலே இரண்டு மாடிகளிலும் டியூட்டரி, பள்ளிக்கூடம் முடிந்து பிள்ளைகள் தனியார் வகுப்புக்கு வரும் இடம். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர்த் தாங்கியும் காகங்களும். சேலைக் கடைக்குக் காலி வீதியிலிருந்து வாசல். டியூட்டரிக்குப் போக ஒழுங்கைப் பக்கத்தால் ஒரு படிக்கட்டு, அது ஒன்றுதான். பின்னேரங்களில் அந்தப் படியால் இறங்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் பள்ளிக்கூடம் விட்டது போலிருக்கும்.

அந்தக் கட்டடத்தை முதல்முறை பரிசோதிக்க நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியாகச் சேலைக் கடையின் பின்பக்கக் களஞ்சிய அறைக்குப் போனேன். சேலைப் பெட்டிகள் முகடு வரைக்கும் அடுக்கியிருந்தன. அந்த அறையின் பின்சுவருக்கு அப்பால்தான் படிக்கட்டு. அதாவது அந்தக் கட்டடத்திலேயே மிக முக்கியமான சுவர் அதுதான். சேலைப் பெட்டிகள் எரிந்தால் அந்தச் சுவர் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் புகை படிக்கட்டுக்குள் போகும். புகை போனால் படிக்கட்டு புகைபோக்கியாக மாறும். மேலே இருக்கும் பிள்ளைகளுக்கு இறங்க வேறு வழி கிடையாது.

அந்தச் சுவரை முதலாளி சாமியறையாக்கியிருந்தார். ஆறடி அகலத்துக்குத் தடுத்து, தரைக்கு வெள்ளை மாபிள் போட்டு, சுவர் நிறையப் படங்கள். நடுவில் ஆளுயரத்துக்குக் கிட்டிய லட்சுமி படம். கீழே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். ஒரு காலை உள்ளே வைக்கப்போனபோதுதான் மத்தியானம் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. எங்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது, மீன் உண்டு. அவர்களுக்கு வெள்ளிக்கிழமை மீனும் கிடையாது. நான் என் மார்க்கத்துக்கு விரதம் காத்தபடி இரண்டு மீன் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். மச்சம் சாப்பிட்ட உடம்போடு அவர்களுடைய சாமியறைக்குள் எப்படிக் கால் வைப்பது? காலை எடுத்துக்கொண்டேன். வாசலில் நின்றபடியே டோர்ச் அடித்துச் சுவரை மேலும் கீழுமாகப் பார்த்தேன். படங்களுக்கு இடையில் தெரிந்த இடமெல்லாம் நல்ல சாந்து. வெடிப்பில்லை. படிக்கட்டுப் பக்கம் போய்ப் பார்த்தபோது எப்படியிருந்தது என்று யோசித்தேன். அங்கே முதலாவது திருப்பத்தில், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு டியூட்டரியின் பெறுபேற்றுப் பலகை திருகாணி போட்டுச் சுவரில் இறுக்கியிருந்தது. சாதாரணதரப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் சேர்த்து ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள். அதைக் கழற்றிப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

இப்போது இந்தப் பக்கத்தில் லட்சுமி. அந்தப் பக்கத்தில் ஒன்பது ஏ. வெள்ளவத்தையில் இந்த இரண்டையும் யார் தொடுவார்கள்?

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். எழுபது தாண்டிய யாழ்ப்பாணத்து மனிதர், விபூதி, வெள்ளைச் சட்டை. "எல்லாம் சரியோ பிள்ளை?" என்று கேட்டார். சரி என்று சொல்லி, வாசல் நிலைக்கு மேலே பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்து வைத்தேன். அவர் எனக்குக் குளிர்பானம் வரவழைத்தார். நான் சாமியறைக்குள் போகாமல் நின்றது அவருக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. உண்மையைச் சொன்னால், எனக்கும் என்னைப் பிடித்திருந்தது. மற்றவர்களுடைய சாமிக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரு மாதம் கழித்து என் மகளைச் சாதாரணதர வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்ற கதை வந்தது. பக்கத்தில் மூன்று டியூட்டரிகள். ஒன்றில் படி இடுங்கல். மற்றதில் அவசரக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஆகவே இந்தக் கட்டடத்தில் சேர்த்தேன். ஒழுங்கையிலுள்ள மற்றத் தாய்மாரும் என்னிடம்தான் கேட்டார்கள். பக்கத்து ஃபிளாட்டில் ஒரு முஸ்லிம் பெண் இருக்கிறாள். கணவர் கட்டாரில். ஒரே மகன். அவனை எங்கேயும் தனியாக அனுப்பப் பயப்படுவாள். அவளிடம் நானே போய், "நான் கையெழுத்து வச்ச படிக்கட்டு தங்கச்சி. கண்ண மூடிக்கொண்டு அனுப்புங்க" என்று சொன்னேன். அனுப்பினாள். ஒழுங்கையிலிருந்து என் மகளோடு சேர்த்து நாலு பிள்ளைகள் கிழமைக்கு மூன்று நாள் அந்தப் படியால் ஏறி இறங்கினார்கள்.

நான் கையெழுத்து வைத்துப் பதினொரு மாதம் போயிற்று. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. மகள் குடை கொண்டு போகவில்லை. அவளைக் கூட்டிவர நான் இரண்டு குடையோடு போய், வகுப்பு விடும்வரை படிக்கட்டில் ஒதுங்கி நின்றேன். வகுப்பு நடக்கும் நேரத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அதுவரை நான் போனதில்லை.

சாம்பிராணி மணத்தது.

முதலில் எனக்கு அது நல்ல மணமாகத்தான் இருந்தது. மழை, ஈரச் சப்பாத்து, சாம்பிராணி. பிறகு என் மூக்கு வேலை செய்யத் தொடங்கியது. கடைக்கும் இந்தப் படிக்கட்டுக்கும் நடுவில் கதவே கிடையாது. கடை வாசல் காலி வீதியில். இது ஒழுங்கையில். பிறகு எப்படி? வெளியிலிருந்து வருகிறதோ என்று வாசலுக்குப் போய் மோந்து பார்த்தேன். அங்கே மழை மணம் மட்டும்தான். படியேறினேன். ஏற ஏற மணம் கூடியது. முதலாவது திருப்பத்தில், ஒன்பது ஏ பலகைக்கு முன்னால், ஒரு சாமியறைக்குள் நிற்பது போலிருந்தது.

கைப்பையிலிருந்து ஒரு டிசு எடுத்து, நூல் போலக் கிழித்து, பலகையின் ஓரத்தில் பிடித்தேன். டிசு என் பக்கமாகப் பறந்தது. இன்னோரிடத்தில் பிடித்தேன். அங்கேயும் பறந்தது. பலகைக்குப் பின்னாலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

வகுப்பு விட்டுப் பிள்ளைகள் இறங்க நேரமிருந்தது. என் பையில் எப்போதும் ஒரு திருகாணிச் சாவி கிடக்கும். நாலு திருகாணியில் கீழே உள்ள இரண்டைக் கழற்றிப் பலகையை முன்னுக்கு இழுத்து டோர்ச் அடித்தேன். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒரு சோற்றுக் கோப்பை அளவு ஓட்டை. சுவரின் முழு மொத்தத்தையும் துளைத்து மறுபக்கம் போயிருந்தது. அதன் மறுமுனையில் ஒரு பழுப்புப் பலகையும் அதைத் தொங்கவிட்ட கம்பியும் தெரிந்தன. பலகையின் விளிம்பைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வெளிச்சம். நான் லட்சுமியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, என்ன செய்யிறீங்க? எல்லாரும் வாறாங்க."

மகள் மேல்படியில் நின்றாள். அவளுடைய வகுப்பு கொஞ்சம் முந்தி விட்டிருக்கிறது. தாய் படித் திருப்பத்தில் முழங்காலில் நிற்பதைப் பார்த்து அவளுக்கு வெட்கம்.

"இந்த மணம் எப்ப இருந்து வருது?" என்று கேட்டேன்.

"சாம்பிராணியா? வெள்ளிக்கிழமையெண்டா எப்பவும் வரும். நான் சேந்த நாள்ல இருந்து." பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள். "எங்களுக்கெல்லாம் நல்ல விருப்பம் அம்மா. நித்திர கலையும்."

அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு மழையில் நனைந்தபடி சுற்றிக் காலி வீதிக்குப் போய்க் கடைக்குள் நுழைந்தேன். கடை வேலையாட்கள் சேலை காட்ட வந்தார்கள். அவர்களைத் தாண்டிக் களஞ்சிய அறைக்குள் போனேன். முதலாளி சாம்பிராணித் தட்டை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றினேன். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் மத்தியானம் வீட்டில் மீன் குழம்பு.

"ஐயா, நான் மச்சம் சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கிறன். ஆனா உள்ளுக்கு வரத்தான் வேணும். குறை நினைக்காதீங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வாங்கோ பிள்ளை. இதுக்கென்ன."

"போன முறை அதுக்காகத்தான் வாசல்ல நிண்டனான்."

"ஓ," என்றார். "நான் நினைச்சன், நீங்கள் அங்க நிண்டே எல்லாம் பாத்திட்டீங்கள் எண்டு. உங்கட தொழில் எனக்கென்ன தெரியும்? படத்தைக் கழற்றச் சொன்னா அண்டைக்கே கழற்றியிருப்பன்."

லட்சுமி படத்தைக் கழற்ற வேண்டும் என்றேன். வேலையாளைக் கூப்பிடாமல் அவரே ஒரு ஸ்டூலில் ஏறி, படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, மெதுவாக இறக்கினார். படித் திருப்பம் அரை மாடி உயரத்தில் என்பதால், இந்தப் பக்கத்தில் ஓட்டை எங்கள் தலைக்குச் சற்று மேலே இருந்தது. படம் விலகியதுமே கீழேயிருந்த விளக்கின் சுடர் நிமிர்ந்து நிற்காமல் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்தது.

முன்பு அந்த வழியால் ஏசி குழாய் போனதாம். பழைய ஏசியைக் கழற்றி மூன்று வருடம். குழாயைக் கழற்றியவர்கள் ஓட்டையை அடைக்கவில்லை. காற்று வந்து விளக்கு அடிக்கடி நூர்ந்ததால் பெரிய படமாகப் பார்த்து வாங்கி அங்கே மாட்டினாராம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் சத்தம் கேட்டது. மற்ற வகுப்புகளும் முடிந்து பிள்ளைகள் இறங்குகிறார்கள்.

நான் ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். நான் சரியாகச் சாத்தாமல் விட்டு வந்த பலகை ஒருபக்கம் சரிந்திருந்தது. ஓட்டைக்குள்ளால் கால்கள் தெரிந்தன. வெள்ளைச் சப்பாத்து, கறுப்புச் சப்பாத்து, நனைந்த செருப்பு, ஒரு பிள்ளையின் அவிழ்ந்த லேஸ். போய்க்கொண்டே இருந்தன. சுவரே இல்லாதது போல அவ்வளவு கிட்ட. எனக்குப் பின்னால் முகடு வரைக்கும் சேலைப் பெட்டிகள். கீழே எரிகிற விளக்கு. எனக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை, பிறகு என் மேலேயே வந்த கோபம்.

முதலாளியும் ஏறிப் பார்த்தார். இறங்கியதும் முதல் வேலையாக விளக்கைக் கையால் அணைத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு சைவக்காரர் சாமி விளக்கைத் தானே அணைத்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகுதான் அவர் அதைச் சொன்னார். "பிள்ளை, நீங்கள் பாத்திட்டுப் போன பிறகு நாங்கள் உடைச்சதெண்டு எழுதுங்கோ. ஆர் வந்து கேட்டாலும் நான் ஓமெண்டு சொல்லுறன். எனக்கு இந்த வயசில என்ன வரப்போகுது? உங்களுக்கு வேலை இருக்கு."

நல்ல மனதோடு சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கே மேலே போய் டியூட்டரி நடத்துபவரிடம் ஓட்டை அடைபடும்வரை வகுப்பு வைக்க முடியாது என்று சொன்னேன். பரீட்சைக்கு ஆறு கிழமைதான் இருக்கிறது என்று அவர் குதித்தார். நானும் குதித்தேன். குதிப்பதில் எனக்குப் பயிற்சி அதிகம்.

மறுநாள் சனிக்கிழமை காலை கொள்ளுப்பிட்டியில் எங்கள் அலுவலகத்துக்கு ரயிலில் போனேன். கடல் அமைதியாக இருந்தது. யன்னல் பக்கம் இருந்து, நான் வாசலில் நின்ற வேறு இடங்கள் என்னென்ன என்று யோசிக்கத் தொடங்கினேன். நினைக்க நினைக்க ஒவ்வொன்றாக வந்தன. கிராண்ட்பாஸில் ஒரு களஞ்சியத்தின் தொழுகை அறை. தலையில் முக்காடு இல்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னோர் அலுவலகத்தில் மின்சார அறைச் சுவரில் புத்தர் சிலை வைத்த ஒரு தட்டு. பூ வைத்திருந்தார்கள், தொடவில்லை. கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகம். அங்கே சுவரில் மாதா சுரூபம். என் சொந்த மாதா. அங்கே நான் வாசலில் நிற்கவில்லை, முன்னால் போய் முழங்காலிட்டுச் செபம் சொன்னேன். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. கொப்பி எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். கொள்ளுப்பிட்டி வந்தபோது ஏழு இடம் ஆகியிருந்தது.

எங்கள் பொஸ் சிங்களவர். நிதானமான மனிதர். என்னை எப்போதும் நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். நான் முழுவதையும் சொல்லி முடித்ததும் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, பரிசோதனைக்குப் பின் ஏற்பட்ட சேதம் என்று எழுதிவிடலாமே, கட்டடங்களில் தினமும் யாராவது ஓட்டை போடுகிறார்கள்தானே, யாரும் கேட்க மாட்டார்கள் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு வரி. முதலாளியும் ஓம் என்கிறார், பொஸ்ஸும் சரி என்கிறார். ஆனால் அந்த வரியை எழுதினால் ஏழு இடங்களைப் பற்றி நான் எப்படி வாய் திறப்பது? நான் பார்த்தேன் என்று ஓரிடத்தில் பொய் சொல்லிவிட்டு, ஏழு இடத்தில் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கொப்பியை அவர் மேசையில் வைத்தேன். "நான் பார்க்கவில்லை என்றே எழுதுகிறேன்" என்றேன். அவர் கொப்பியை வாசித்தார். மாதா என்ற இடத்தில் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கையெழுத்து வைத்த கட்டடங்களை வேறோர் ஆள் போய்த் திரும்பப் பார்க்கும்வரை எனக்கு அலுவலகத்தில்தான் வேலை என்று முடிவாயிற்று. ஏழில் இரண்டில் ஓட்டை இருந்தது. மாதாவின் பின்னால் இருக்கவில்லை. அது என் கெட்டித்தனம் அல்ல.

ஆனால் அலுவலகம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒழுங்கைதான் பயமாக இருந்தது. அன்று பின்னேரம் ஒவ்வொரு வீடாகப் போய்த் தாய்மாரிடம் சொன்னேன். படிச்சுவரில் ஓட்டை இருந்தது, நான் பார்க்காமல் கையெழுத்து வைத்தேன், பத்து மாதமாகப் பிள்ளைகள் அந்தப் படியால்தான் போய் வந்தார்கள். இரண்டு பேர் எனக்கே ஆறுதல் சொன்னார்கள். "ஒண்டும் நடக்கேல்லைத்தானே, விடுங்கோ" என்றார்கள்.

பக்கத்து ஃபிளாட்டுப் பெண் கதவைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள். அவளுக்குப் பின்னால் மகன் மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தான்.

"நீங்க செல்லித்தானே அக்கா நான் அனுப்பின," என்றாள். சத்தம் போடவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

இரண்டு பேரின் ஆறுதலும் என்னிடம் நிற்கவில்லை. அந்த ஒரு வசனம் நின்றது.

வேலை நாலு நாளில் முடிந்தது. பழைய ஓட்டையின் விளிம்பைச் சுத்தமாகக் கொத்தி, நெருப்புத் தாங்கும் காரையால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடைத்தார்கள். முதலாளி சேலைப் பெட்டிகளை வேறு கட்டடத்துக்கு மாற்றினார். படங்களைச் சுவரில் மாட்டாமல் ஒரு மேசையில், சுவருக்கு ஒரு முழம் தள்ளி வைத்தார். ஒன்பது ஏ பலகை வாசலுக்கு வெளியே போனது. எங்கள் அலுவலகத்திலிருந்து வேறோர் ஆள் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தார். வகுப்புகள் தொடங்கின. என் மகள் போனாள். மற்ற இரண்டு பிள்ளைகளும் போனார்கள். பக்கத்து வீட்டுப் பையன் போகவில்லை. மாலையில் எங்கள் ஃபிளாட்டுப் படிக்கட்டுக் கம்பிகளுக்கு ஊடாக அவர்கள் வீட்டு யன்னலைப் பார்த்தால் அதே மேசையில் தனியாக இருந்து படித்துக்கொண்டிருப்பான். பரீட்சைக்கு ஐந்து கிழமை. அவனுடைய கணக்கு வாத்தியார் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தார். தாய் அனுப்பவில்லை. அனுப்பச் சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் போய்க் கதவைத் தட்டினேன். இப்போது சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "தங்கச்சி, என்ட சொல்ல நீங்க கேக்க வேணாம். வந்து நீங்களே பாருங்க. பாத்திட்டு அனுப்பாட்டியும் பரவாயில்ல" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

படிக்கட்டின் முதலாவது திருப்பத்தில் அடைத்த இடத்தைக் காட்டினேன். சாம்பல் நிறத்தில் வட்டமாகத் தெரிந்தது. புதிய ஸ்டிக்கரையும் அதில் இருந்த மற்றவரின் கையெழுத்தையும் காட்டினேன். அவள் ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. கீழே குந்தி இருந்து, காரையின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினாள். விளிம்பு முழுக்க விரலை ஓட்டினாள். ஏறி வந்த இரண்டு பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எழும்பி, கையிலிருந்த தூசியைத் தட்டினாள்.

"மத்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

பதினான்கு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிற நான் கேட்காமல் விட்டதை அவள் கேட்டாள். கடையைச் சுற்றிக்கொண்டு கூட்டிப் போனேன். முதலாளி எழுந்து வந்தார். யார் என்று நான் சொன்னதும், "வாங்கோ அம்மா" என்று களஞ்சிய அறைக் கதவைத் திறந்துவிட்டார். சாமியறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் குனிந்து செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அவள் தன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள். மேசையில் இருந்த படங்களில் படாமல் பக்கவாட்டாக நுழைந்து, எட்டிச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். நிறைய நேரம் வைத்திருந்தாள்.

பிறகு திரும்பி, "நாளைக்கு வகுப்பு எத்தன மணிக்கு அக்கா?" என்று கேட்டாள்.

மூன்றரைக்கு என்றேன்.